கப்பல் இன்ஜினியருக்குச் சங்கம் எதற்கு?

கேள்வி: நான் தூத்துக்குடியைச் சேர்ந்தவன். மார்ஷல் தீவுகளின் கொடி பறக்கும் சரக்குக் கப்பலொன்றில் ஃபோர்த் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். மாதந்தோறும் என் சம்பளக் கணக்கில் சங்கச் சந்தா என்று ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. "நாம் ஆபீசர்கள், சங்கமெல்லாம் கீழ்நிலைப் பணியாளர்களான க்ரூவுக்குத்தான்" என்கிறார் எங்கள் செகண்ட் இன்ஜினியர். ஆனால் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் சந்தித்த அந்நாட்டு இன்ஜினியர் ஒருவர், தங்களுக்கென்றே தனிச் சங்கம் 1875 முதல் இருப்பதாகப் பெருமையோடு சொன்னார். நல்ல சம்பளம் வாங்கும் இன்ஜினியர்களுக்கு அந்தக் காலத்திலேயே சங்கம் ஏன் தேவைப்பட்டது? அந்த வரலாற்றில் எனக்கு உதவக்கூடியது ஏதேனும் உண்டா? சந்தாவை நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் செகண்ட் இன்ஜினியர் சொல்வதில் பாதியை அந்த அமெரிக்கச் சங்கத்தைத் தொடங்கியவர்களும் நம்பினார்கள். தாங்கள் ஆபீசர்கள், கூலிக்காகக் கொடி பிடிப்பவர்கள் அல்லர் என்ற எண்ணம் அவர்களுக்கு அழுத்தமாகவே இருந்தது. அதனால்தான் தங்கள் அமைப்புக்கு அவர்கள் மெரீன் இன்ஜினியர்ஸ் பெனிஃபிஷியல் அசோசியேஷன், அதாவது உறுப்பினர் நலனுக்கான சங்கம் என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அதன் பெயர் அதுவே. மெபா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அப்படி எண்ணியவர்களே பின்னால் வேலைநிறுத்தம் வரை போக நேர்ந்ததன் காரணத்தைப் புரிந்துகொண்டால், உங்கள் சந்தாக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

சம்பளப் பேச்சு பின்னால் வந்தது. அடிப்படையில் இருந்தது லைசென்ஸ். மிசிசிப்பி, ஒஹாயோ ஆறுகளில் ஓடிய நீராவிக் கப்பல்களின் பாய்லர்கள் அடிக்கடி வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1838-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த முதல் சட்டம் பாய்லரைச் சோதிக்கவும் அனுபவமுள்ள இன்ஜினியர்களை வைத்துக்கொள்ளவும் சொன்னதே தவிர, அவர்களுக்கு என்ன தெரியும் என்று சோதித்து லைசென்ஸ் கொடுக்க வழிசெய்யவில்லை. வெடிப்புகள் தொடர்ந்தன. 1852-இல் வந்த சட்டம்தான் பயணிகள் கப்பல்களுக்கு வழிகாட்டிச் செலுத்தும் பைலட்டுகளும் இன்ஜினியர்களும் அரசு ஆய்வாளரிடம் தேர்ச்சி பெற்று லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும் என்றது. பாய்லரை நீரழுத்தத்தால் சோதிக்கவும், நீராவி அழுத்தத்துக்கு உச்சவரம்பு வைக்கவும் அதுவே வழிசெய்தது. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கிய உங்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் அன்றைய இன்ஜினியருக்கு இதில் ஒரு புதிய சிக்கல் இருந்தது. பாய்லர் வெடித்தால் யாரைக் கேட்பது என்பதற்கு இனி ஒரு பெயர் எழுத்தில் இருந்தது. ஆனால் கப்பல் எப்போது புறப்பட வேண்டும், எவ்வளவு ஏற்ற வேண்டும், பழுதுபார்க்க எத்தனை நாள் நிற்கலாம் என்பதையெல்லாம் முன்போலவே முதலாளியும் கேப்டனுமே முடிவு செய்தார்கள்.

இந்தச் சிக்கலைக் காட்ட சுல்தானா என்ற கப்பலை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1865 ஏப்ரலில், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, எதிர்த்தரப்புச் சிறைகளிலிருந்து விடுபட்ட வீரர்களை வடக்கே ஏற்றிச் செல்ல மிசிசிப்பி ஆற்றின் விக்ஸ்பர்க் துறையில் கப்பல்கள் போட்டி போட்டன. சிப்பாய் ஒருவருக்கு 5 டாலர், அதிகாரிக்கு 10 டாலர் என்று அரசு கட்டணம் கொடுத்தது. சுல்தானா அங்கே வந்தபோது அதன் பாய்லர் ஒன்றில் தகடு உப்பிக் கசிந்துகொண்டிருந்தது. தகடுகளை மாற்றியே ஆக வேண்டும் என்றார் பாய்லர் பழுதுபார்க்க வந்தவர். மாற்றினால் சில நாட்கள் ஆகும்; அதற்குள் வீரர்களை வேறு கப்பல் ஏற்றிச் சென்றுவிடும். முழுப் பழுதையும் செயின்ட் லூயிஸ் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, மூலத் தகட்டைவிட மெல்லிய ஓர் ஒட்டு போட வைத்தார்கள். 376 பேரை ஏற்ற அனுமதி பெற்றிருந்த கப்பலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏறினர். ஏப்ரல் 27 அதிகாலையில் மெம்ஃபிஸ் நகரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் பாய்லர்கள் வெடித்தன. இறந்தவர் எண்ணிக்கை எந்தக் கணக்கிலும் ஆயிரத்தைத் தாண்டுகிறது. கேப்டன் அதில் இறந்துபோனார். சீஃப் இன்ஜினியர் நேதன் வின்ட்ரிங்கர் உயிர் பிழைத்தார். அந்த ஒட்டோடு புறப்பட ஏன் சம்மதித்தீர்கள் என்ற கேள்விக்கு உயிரோடு இருந்து பதில் சொல்ல வேண்டியவர் அவராகிப் போனார். பணம் கொடுத்து ஆளை ஏற்றவிட்டவர்கள், ஏற்றியவர்கள் என எவருக்கும் கடைசிவரை தண்டனை நிலைக்கவில்லை.

வின்ட்ரிங்கர் குற்றமற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மறுத்திருந்தால் அவருக்கு என்ன பாதுகாப்பு இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அவரை இறக்கிவிட்டு, சரி என்று தலையாட்டும் வேறொரு இன்ஜினியரை மாலைக்குள் ஏற்றிக்கொள்ள கேப்டனுக்கு எந்தத் தடையும் இல்லை. மறுக்கும் இன்ஜினியருக்குப் பின்னால் மற்ற இன்ஜினியர்கள் நிற்பார்கள் என்ற நிலை வந்தால் மட்டுமே அந்த மறுப்புக்கு மதிப்பு உண்டு.

1875 பிப்ரவரியில் கிளீவ்லாந்து நகரில், அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள பெரும் ஏரிகள் பனியால் உறைந்து கப்பல்கள் கட்டிக்கிடந்த குளிர்காலத்தில், பஃபலோ, டெட்ராய்ட், சிகாகோ, பால்டிமோர் முதலிய ஊர்களின் இன்ஜினியர் சங்கப் பிரதிநிதிகள் கூடித் தேசிய அளவில் ஒன்றானார்கள். லைசென்ஸ் உள்ள இன்ஜினியருக்கு மட்டுமே உறுப்புரிமை. இன்ஜின் ரூமில் பக்கத்திலேயே நின்று கரி அள்ளிப் போட்டவருக்கும் எண்ணெய் விட்டவருக்கும் இடமில்லை. இறந்த உறுப்பினரின் குடும்பத்துக்கு உதவுவதும் ஈமச் செலவைப் பார்த்துக்கொள்வதும் தொடக்ககால வேலைகள். கூடவே வாஷிங்டனில் சட்டமியற்றுவோரைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். லைசென்ஸை அரசு கொடுக்கிறது என்றால் அதை யாருக்குக் கொடுப்பது என்பதும் அரசின் கையில்தானே இருக்கிறது என்று அவர்கள் சரியாகவே கணக்குப் போட்டார்கள். அமெரிக்கக் கப்பலில் வாட்ச், அதாவது முறைப்பணி நேரத்துக்குப் பொறுப்பேற்கும் ஆபீசர்கள் அனைவரும் அமெரிக்கக் குடிமக்களாகவே இருக்க வேண்டும் என்ற 1896-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பெரிய அரணாக அமைந்தது. அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் யூலரே 1903-இல் நாட்டின் நீராவிக் கப்பல் ஆய்வுத் துறைக்குத் தலைமை அதிகாரியானார். லைசென்ஸ் கொடுக்கும் துறை, லைசென்ஸ்காரர்களின் சங்கத்திலிருந்து வந்தவரின் பொறுப்பில். இதை வெற்றி என்றும் சொல்லலாம், நெருக்கம் கொஞ்சம் அதிகம் என்றும் சொல்லலாம்; இரண்டும் சரி என்பதே என் எண்ணம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சங்கத்தின் பலம், உள்ளே வரக்கூடியவர் சிலரே என்பதில் இருந்தது. கதவை யார் திறக்கிறார்கள் என்பது தங்கள் கையில் இருந்தவரை அவர்கள் அசைக்க முடியாதவர்கள். கதவு வேறு பக்கம் திறந்தபோதெல்லாம் அடி வாங்கினார்கள். 1908-இல் பெரும் ஏரிகளின் கப்பல் முதலாளிகள் அமைப்பு, சங்கத்தோடு உடன்பாடு இல்லாமலே ஆள் எடுப்போம் என்று அறிவித்தது. சங்கம் பிறந்த நீரிலேயே அதன் பிடி தளர்ந்தது. முதல் உலகப் போரில் அரசே கப்பல்களைக் கட்டிக் குவித்ததால் இன்ஜினியருக்குத் தட்டுப்பாடு வந்து சம்பளம் ஏறியது; போர் முடிந்து கப்பல்கள் சும்மா நின்றபோது, 1921-இல், 15 சதவீதச் சம்பளக் குறைப்பு வந்தது. மே 1 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் தோற்றது. அதற்குப் பின் பத்தாண்டுக்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. முப்பதுகளின் நடுவில் பசிபிக் கரையில் மாலுமிகளும் துறைமுகத் தொழிலாளர்களும் எழுந்தபோது, இன்ஜினியர்களும் தங்கள் பழைய ஒதுக்கத்தை விட்டு அவர்களோடு சேர்ந்து நின்றார்கள். 1936-37 குளிர்காலத்தில் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வேலைநிறுத்தத்தில் பங்குகொண்டு, 1937-இல் சி.ஐ.ஓ. என்ற பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பிலும் இணைந்தார்கள். ஈமச் செலவுக்காகத் தொடங்கிய சங்கம் அங்கு வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

"நாம் ஆபீசர்கள்" என்ற வாதத்துக்குச் சட்டமே கொடுத்த பதில் ஒன்று உண்டு. 1947-இல் அமெரிக்காவில் வந்த டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம், மேற்பார்வை செய்பவர்களைத் தொழிலாளர் என்ற வரையறையிலிருந்தே நீக்கியது. சங்கம் சேர அவர்களுக்குத் தடை இல்லை. ஆனால் முதலாளி அந்தச் சங்கத்தோடு பேசியாக வேண்டும் என்ற கட்டாயமும், சேர்ந்ததற்காகப் பழிவாங்கினால் போய் நிற்க ஓர் இடமும் இல்லாமல் போயின. தனக்குக் கீழே ஆட்களை வைத்து வேலை வாங்கும் கப்பல் இன்ஜினியர் இந்த வரையறைக்குள் எளிதாக விழுந்துவிடுவார். ஆகவே ஆபீசர் என்ற பட்டம் அங்கே பாதுகாப்பைக் கூட்டவில்லை, குறைத்தது. அதன் பிறகு அவர்களுக்கு மிஞ்சிய கேடயம், கப்பல் நிறுவனத்தோடு சங்கம் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் ஒன்றுதான். இதை உங்கள் செகண்ட் இன்ஜினியரிடம் சொல்லிப் பாருங்கள்.

இனி சவானாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்ஜின் ரூமில் இருப்பவர்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது. 1959-இல் நீரில் இறக்கப்பட்ட என்.எஸ். சவானா, உலகின் முதல் அணுசக்தி வணிகக் கப்பல். அமைதிக்கும் அணு பயன்படும் என்று உலகுக்குக் காட்ட அமெரிக்க அரசு கட்டிய வெள்ளை வெளேரென்ற அழகான கப்பல். அதன் இன்ஜினியர்கள் அணு உலையை இயக்கத் தனியாக நீண்ட பயிற்சி பெற்றவர்கள். அந்தப் பயிற்சிக்கு ஏற்ப அவர்களுக்குக் கூடுதல் சம்பளம் பேசப்பட்டது. உடனே கப்பலைச் செலுத்தும் டெக் ஆபீசர்கள் கேட்டார்கள்: வழக்கமாக எங்கள் சம்பளம் இன்ஜினியரைவிட உயர்ந்தது, அது இந்தக் கப்பலில் மட்டும் ஏன் தலைகீழாக வேண்டும்? வழக்கு நடுவரிடம் போயிற்று. தீர்ப்பு டெக் பக்கம் சாய்ந்தது. உலையை இயக்கத் தெரியாதவருக்கு, இயக்கத் தெரிந்தவரைவிட அதிகம். 1963-இல் இன்ஜினியர்கள் உலையை நிறுத்திவிட்டார்கள்.

அணு உலையையே நிறுத்தக்கூடியவர்கள் என்பதால் வெற்றி அவர்களுக்கே என்று நீங்கள் நினைத்தால் தவறு. கப்பலை நடத்திய நிறுவனத்தின் ஒப்பந்தத்தையே அரசு ரத்து செய்து, இச்சங்கத்தைச் சேராத இன்ஜினியர்களை வைத்திருந்த வேறொரு நிறுவனத்திடம் கப்பலைக் கொடுத்தது. புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஏறத்தாழ ஓராண்டு ஆனது. அந்த ஓராண்டு நட்டத்தை அரசு ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தது. சங்கம் அதை எதிர்பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. வேலை தெரிந்தவன் நான் ஒருவனே என்பது ஒரு பலம்தான். ஆனால் எதிரில் இருப்பவருக்குக் காத்திருக்க வசதி இருக்குமானால் அந்தப் பலம் கரைந்துவிடும். இதில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. டெக்குக்கும் இன்ஜினுக்கும் இருந்த பழைய பகை இல்லாமல், இரு சங்கங்களும் சேர்ந்து பேசியிருந்தால் இருவருக்குமே கூடுதலாகக் கிடைத்திருக்கக்கூடும். இந்தியாவில் 1939-இல் தோன்றிய மாரிடைம் யூனியன் ஆஃப் இந்தியா இரு பிரிவு ஆபீசர்களையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது. அந்த வகையில் நம் ஏற்பாடு மேலானது என்று தயங்காமல் சொல்வேன்.

எல்லாவற்றையும்விட அந்தச் சங்கத்தைச் சுருக்கியது கொடிதான், அங்குதான் உங்கள் கதையும் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பல்கள் மட்டும் 2,710 கட்டிய நாடு அமெரிக்கா. போர் முடிந்ததும் அமெரிக்க முதலாளிகள் தங்கள் கப்பல்களைப் பனாமா, ஹோண்டுராஸ், 1948-க்குப் பின் லைபீரியா ஆகிய நாடுகளில் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். கப்பல் அமெரிக்கருடையது, லாபமும் அவருக்கே. கொடி மட்டும் வேறு. கொடி மாறினால் 1896-ஆம் ஆண்டின் குடியுரிமை விதி அந்தக் கப்பலைத் தொடாது. பல ஆண்டுகள் வாஷிங்டனில் உழைத்து எழுப்பிய மதிலை, பதிவுப் புத்தகத்தில் ஒரு வரியை மாற்றியே தாண்டிவிட்டார்கள். 1961 ஜூனில் இன்ஜினியர்களும் பிற கடற்பணிச் சங்கங்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, அமெரிக்கருக்குச் சொந்தமான அயல்கொடிக் கப்பல்களிலும் ஆள் சேர்க்கும் உரிமை வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. அதிபர் கென்னடி டாஃப்ட்–ஹார்ட்லி சட்டத்தைப் பயன்படுத்தி வேலைநிறுத்தத்தை நிறுத்தி வைத்தார். 1963-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும், அயல்கொடிக் கப்பலின் அயல்நாட்டுப் பணியாளருக்கு அமெரிக்கத் தொழிலாளர் உறவுச் சட்டம் பொருந்தாது என்று கூறிவிட்டது. இன்று அமெரிக்கக் கொடியுடன் பெருங்கடல் ஓடும் சரக்குக் கப்பல்கள் 200-க்கும் குறைவு.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க இன்ஜினியர் இழந்த அந்த வேலைகளைத்தான் இன்று இந்தியரும் பிலிப்பினோக்களும் பிறரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நீங்கள் ஏறியிருக்கும் கப்பலின் கொடியும் அதே வழியில் வந்த கொடிதான். அவர்கள் தோற்றதால் நமக்குக் கதவு திறந்தது. அதே கதவு நாளை நம்மைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வருபவருக்கும் திறக்கும். ஆகவே அவர்கள் பாதையை அப்படியே நாம் பின்பற்ற முடியாது. குடியுரிமையை மதிலாக வைத்துக்கொள்ள நம்மிடம் கப்பல்கள் போதுமான அளவில் இல்லை. நமக்குப் பயன்படக்கூடியது, கொடி எதுவானாலும் கப்பலோடு கூடவே வரும் ஒப்பந்தம். பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பான ஐ.டி.எஃப். 1948 முதல், முதலாளிகள் தங்கள் வசதிக்காக மாட்டிக்கொள்ளும் இந்த அயல்நாட்டு வசதிக்கொடிகளை எதிர்த்து நடத்திவரும் இயக்கத்தின் பலனாகவே, உங்களுடையது போன்ற கப்பல்களில் சங்கமும் நிறுவனமும் எழுதிக்கொள்ளும் கூட்டு ஒப்பந்தம் என்ற ஒன்று இருக்கிறது.

அமெரிக்கச் சங்கத்தின் பிற்கால வரலாற்றில் இரண்டை மட்டும் குறிப்பிட்டு விடுகிறேன். வியட்நாம் போருக்குக் கப்பல் ஓட்ட இன்ஜினியர் போதாமல் போனபோது, 1966-இல் சங்கமே கப்பல் முதலாளிகளின் பணத்தோடு பால்டிமோரில் ஒரு பொறியியல் பள்ளியைத் தொடங்கியது. பின்னர் அது மேரிலாந்தின் ஈஸ்டன் என்ற ஊருக்கு இடம் மாறி இன்றும் நடக்கிறது. ஆளில்லை என்று முதலாளி சொல்வதற்கு முன்பே ஆளைத் தயார் செய்வது, சவானாவில் பட்ட பிறகு எடுத்த நல்ல முடிவு. இன்னொன்று, 1981-இல் ரீகன் அரசு பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்ததே, அவர்களுடைய சங்கம் 1970 முதல் இந்தக் கப்பல் இன்ஜினியர் சங்கத்தோடு இணைந்திருந்தது. கடலிலோ வானிலோ, கையெழுத்துக்குப் பொறுப்பேற்கும் வேலைக்காரர்களின் பிரச்சினை ஒன்றுதான் என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும்.

இனி உங்கள் கப்பலுக்கு வருவோம். உங்கள் இன்ஜின் ரூமில் இன்று பாய்லர் வெடிக்கும் அபாயம் குறைவு. அந்த இடத்தை இப்போது எண்ணெய்க் கழிவுக் கணக்கை எழுதும் ஆயில் ரெக்கார்டு புக் பிடித்திருக்கிறது. கப்பலின் அடியில் சேரும் எண்ணெய் கலந்த பில்ஜ் நீரை, எண்ணெயைப் பிரித்தெடுக்கும் கருவியைத் தவிர்த்துக் கடலில் விட, கழற்றி மாட்டக்கூடிய ஒரு குழாயை வைப்பார்கள்; மேஜிக் பைப் என்ற பெயரில் அது எல்லாருக்கும் தெரியும். வடிகட்டிக்கு உதிரிப்பாகம் கேட்டால் அலுவலகம் தள்ளிப்போடும், கழிவைக் கரையில் இறக்கச் செலவாகும், தொட்டியோ நிரம்பிக்கொண்டிருக்கும். அமெரிக்கத் துறைமுகத்தில் கடலோரக் காவல்படை ஏறிச் சோதிக்கும்போது, நடுக்கடலில் விட்ட எண்ணெய்க்காக அல்ல, பொய்யான பதிவேட்டைக் காட்டியதற்காக வழக்கு வரும். பதிவில் கையெழுத்திட்டவர் இன்ஜினியர். சீஃப் இன்ஜினியர்கள் பலர் இப்படிச் சிறைக்குப் போயிருக்கிறார்கள். நிறுவனம் அமர்த்தும் வழக்கறிஞர் நிறுவனத்துக்காகவே பேசுவார் என்பதை அந்த அறைக்குள் போன பிறகே பலர் அறிகிறார்கள். விக்ஸ்பர்க்கில் ஒட்டுப் போட்டதும் இதுவும் ஒரே கதைதான். பொய்ப் பதிவில் கையெழுத்திடாதீர்கள். இட்டுவிட்டால் எந்தச் சங்கமும் உங்களைக் காப்பாற்றாது. கையெழுத்திட மறுத்து அதனால் தொல்லை வந்தால், அப்போது உங்களுக்கு ஒரு சங்கம் தேவைப்படும்.

ஆகவே சந்தாவை நிறுத்துமாறு இப்போதைக்கு எழுத வேண்டாம். முதலில், அந்தப் பணம் எந்தச் சங்கத்துக்குப் போகிறது என்று, கப்பலுக்கு ஆள் எடுத்துத் தரும் மேனிங் ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள். சங்கத்தின் பெயரையும் உங்கள் உறுப்பினர் எண்ணையும் அவர்களால் சொல்ல முடியாவிட்டால், பிடித்தத்துக்குக் கணக்குக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்து 2015-இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, சம்பளக் கணக்கை மாதந்தோறும் உங்களுக்குத் தர வேண்டும். பணி ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் படித்துப் பார்க்கவும் ஆலோசனை கேட்கவும் வாய்ப்பு தர வேண்டும். கூட்டு ஒப்பந்தம் உங்கள் பணி ஒப்பந்தத்தின் பகுதி என்றால் அதன் பிரதி கப்பலிலேயே இருக்க வேண்டும். புகார் கொடுத்தவரை வேலைக்கு எடுக்காமலிருக்கக் கறுப்புப் பட்டியல் வைத்துக்கொள்ள ஏஜென்சிகளுக்கு அது தடை விதிக்கிறது. நடைமுறையில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எழுத்தில் கேட்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரதி கையில் கிடைத்ததும் சம்பள அட்டவணையைத் தாண்டிப் பின்பக்கங்களுக்குப் போங்கள். உடல் ஊனமானால், உயிர் போனால் எவ்வளவு இழப்பீடு என்பது அங்கேதான் இருக்கும். சான்றிதழ் மீது விசாரணை வந்தாலோ அயல்நாட்டில் காவலில் வைக்கப்பட்டாலோ உங்களுக்கென்று தனி வழக்கறிஞரைச் சங்கம் அமர்த்துமா, அதற்கு வரம்பு உண்டா என்பதைச் சங்க அலுவலகத்துக்கே நேரில் போயோ மின்னஞ்சலிலோ கேட்டு, பதிலை வீட்டிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். உண்டு என்று பதில் வந்தால் நீங்கள் கட்டும் சந்தா மலிவானது. இல்லை என்றாலோ, மூன்று மாதமாகியும் பதிலே வராவிட்டாலோ, அந்த ஒப்பந்தம் முடிந்து இறங்கும்போது வேறு சங்கத்துக்கு மாற முடியுமா என்று கேட்டு மறுபடியும் எனக்கு எழுதுங்கள்; அப்போது உங்கள் கூட்டு ஒப்பந்தத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்பினால் இன்னும் குறிப்பாகப் பதில் சொல்ல முடியும்.